கேட் மூடிய பிறகு பேசியவர்

தாம்பரத்துக்குத் தெற்கே, தண்டவாளத்துக்குக் கிழக்குப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம் வயதுக்காரர்கள் எல்லோரும் ரயில்வே கேட்டில் நின்று நின்றே பெரியவர்களானவர்கள். பள்ளிக்கூட மணி, திருமண முகூர்த்தம், பிரசவ வலி எல்லாமே அந்தக் கேட் திறக்கும்வரை காத்திருந்தன. இப்போது அங்கே மேம்பாலம் இருக்கிறது. வண்டியில் ஏறி இறங்கிவிடுகிறோம். கீழே பார்க்க யாருக்கும் நேரமில்லை. நான் பார்க்காமல் இருப்பதற்கு வேறு காரணம் உண்டு.

போன மாதம் என் மகளின் வீடியோ ஒன்று என் போனுக்கு வந்தது. பொத்தேரியில் ஒரு தனியார் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடுதித் தண்ணீரைக் குடித்துப் பல பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும். கேட்கப் போனவர்களை உள்ளேயே விடவில்லையாம். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் கூடி நின்ற பிள்ளைகளுக்கு நடுவே இவள் ஒரு தண்ணீர் லாரியின் பின்படியில் ஏறி நின்று பேசுகிறாள். குரல் உயரவேயில்லை. நடுவில் ஓரிடத்தில் நிறுத்துகிறாள். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்க்கிறார்கள். அடுத்த சொல் வந்ததும் கூட்டம் முழுக்க ரோட்டில் இறங்குகிறது. பஸ்கள் குறுக்கும் நெடுக்குமாக நிற்கின்றன. யாரோ தள்ளி யாரோ விழுந்து, ஒரு பையனுக்குக் கை முறிந்தது.

"பாரேன், எப்படி நிறுத்தி நிதானமா பேசறா" என்றார் அவள் அப்பா. சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். நான் சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு கட்சியின் இளைஞர் அணியிலிருந்து நான்கைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கத்தில் கூட்டமாம். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் லிப்ட் ஓடாமல் மக்கள் படும் பாடு பற்றி இவள் பேச வேண்டுமாம். "தங்கச்சி வந்து பேசினா போதும் ஆன்ட்டி. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார் ஒருவர். மற்றது என்றால் எது என்று நான் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு, விடுதியிலிருந்து வந்திருந்த மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ வேணாம்னு சொன்னா நான் போகலைம்மா. ஆனா காரணம் சொல்லணும். பயமா இருக்குன்னு மட்டும் சொல்லாத."

காரணம் என்னிடம் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லித்தான் பழக்கமில்லை.

இது நடந்தபோது எனக்குப் பத்து வயதுக்குள் இருக்கும். எங்கள் கேட்டில் ஒரு லாட்டரிச் சீட்டுக்காரர் இருந்தார். சைக்கிளின் பின்னால் ஒரு பலகை. அதில் கிளிப் மாட்டிய சீட்டுகள் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று காற்றில் படபடக்கும். முன்னால் ஒரு பேட்டரியும் கூம்பு ஒலிபெருக்கியும். மற்ற வியாபாரிகள் கேட் மூடினால் வண்டிகளுக்கிடையே ஓடி ஓடி விற்பார்கள். வெள்ளரிப் பிஞ்சு, கொய்யா, மல்லிகைப்பூ. இவர் நின்ற இடத்தை விட்டு நகரமாட்டார். கூட்டம் அவரிடம் போகும்.

"இன்னா சார், கேட்டு மூடிக்கிச்சா? இன்னா அவசரம் உனுக்கு? ஆபீஸ்ல மாலை வச்சிக்கினு நிக்கிறானா? ஒரு சீட்டு எடு. இன்னிக்கு நீ ரயிலுக்கு நிக்கிறே. நாளைக்கு ரயில் உனுக்கு நிக்கும்."

சிரிப்பார்கள். பிறகு அவர் முதல் பரிசைச் சொல்லத் தொடங்குவார். தொடங்கிவிட்டு நிறுத்துவார். ஒரு சீட்டை எடுத்து மடிப்பை நீவிவிடுவார். எதிரே நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். பால்காரர் மணி அடிப்பதை நிறுத்திவிடுவார். அந்த மௌனத்தில்தான் கைகள் சட்டைப் பைக்குள் போகும். அவர் தொகையைச் சொல்லும்போது பாதிப் பேர் சில்லறையை எடுத்து முடித்திருப்பார்கள்.

அப்பா மிஷன் பள்ளியில் ஆசிரியர். பேச்சாளர்கள் மேல் அவருக்கு மதிப்புக் கிடையாது. ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் நீண்டால் எல்லோருக்கும் தெரியும்படி கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பார். லாட்டரிக்காரரைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: "வாயிலயே வடை சுடறான். அவனால யாருக்கு என்ன கெடுதல்?" அது அவர் போட்ட முதல் தப்புக் கணக்கு.

அத்தை அவரை அப்படி இளக்காரமாக நினைக்கவில்லை. அப்பாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் பதனிட்ட தோலின் வாடையும் ரயிலின் இரும்பு வாடையும் சேர்ந்து வரும். எத்தனை சோப்புப் போட்டாலும் புடவையை விட்டுப் போகாது. பரிசு விழாத சீட்டுகளைக் கேட்டில் பொறுக்கிக்கொண்டு வந்து எனக்குத் தருவாள். என் பாடப்புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் அவைதான் அடையாளம். எந்த வீடு மாறும்போது அவை தொலைந்தன என்று தெரியவில்லை.

கேட் திறந்த பிறகும் அத்தை சிறிது நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் வருவாள். "சீட்டு வாங்கவா நிக்கறே?" என்று அம்மா கேட்டதற்கு, "இல்லண்ணி, அவரு எங்க நிறுத்தறாருன்னு பாக்கறேன்" என்றாள்.

ஒரு நாள் அவள் சிரித்துக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது. அவள் ஆபீசில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கிடையாது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்கள். "இன்னிக்கு மேனேஜர் ரூமுக்கு நான் போனேன் அண்ணா. ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அப்புறம் நிறுத்திட்டேன். அவரு மூஞ்சையே பாத்துக்கிட்டு நின்னேன். அவருக்கே தாங்கல. அடுத்த வாரம் கட்டித் தரேன்னுட்டாரு."

"என்ன வாக்கியம்?"

"அது எதுக்கு? வாக்கியத்தாலயா நடந்துச்சு?"

கழிப்பறை கட்டினார்கள். இதையும் நான் சொல்லியாக வேண்டும். பேச்சு வெறும் காற்று என்று நான் நம்புகிறவள் இல்லை.

கேட்டுக்குப் பதில் சுரங்கப்பாதை வேண்டும் என்று எங்கள் பகுதியில் ஒரு குடியிருப்போர் சங்கம் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் செயலாளர் ஓய்வு பெற்ற தாசில்தார். நல்ல மனிதர். கேட் ஓரத்தில் ஒருமுறை கூட்டம் போட்டார். காகிதத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு "மேற்படி கேட் சம்பந்தமாக" என்று படிக்கத் தொடங்கினார். ஒரு பக்கம் முடிவதற்குள் பின்வரிசை கரைந்துவிட்டது. அவருடைய மைக் வேறு கரகரத்து நின்றுபோனது. லாட்டரிக்காரரிடம் ஒலிபெருக்கியைக் கடன் கேட்டார்கள்.

"எடுத்துக்க சார். நானும் ஒரு வார்த்தை சொல்லிக்கட்டா?"

அந்த ஒரு வார்த்தை அடுத்த ரயில் போய், அதற்கடுத்ததும் போகும்வரை நீண்டது. கேட் திறந்தது. யாரும் போகவில்லை. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தார். பஸ்ஸிலிருந்தவர்களே அவரை அடக்கினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அத்தைக்குச் சாப்பிடக்கூடத் தோன்றவில்லை.

சில மாதங்களில் பலகையிலிருந்த சீட்டுகள் குறைந்தன. ஒரு நாள் பலகையே இல்லை. அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஒலிபெருக்கி மட்டும் அதேதான். அவர் போய்ப் பேசினார், எங்கள் தெருவுக்கு விளக்கு வந்தது. அவர் போய்ப் பேசினார், தாம்பரத்திலிருந்து ஒரு பஸ் உள்ளே வந்தது. மனுக் கொடுத்த செயலாளர் கூட்டத்தில் பின்னால் நின்று கைதட்டினார். உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது, இவர் நிற்பார் என்று பேசிக்கொண்டார்கள். கேட் மூடினால் எரிச்சல்பட்டவர்கள் இப்போது மூடும் நேரம் பார்த்து வரத் தொடங்கினார்கள். சுரங்கப்பாதை வந்துவிட்டால் இந்தக் கூட்டம் எங்கே கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

பிறகு எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரின் அப்பா இறந்தார். நெஞ்சுவலி என்று ஆட்டோவில் ஏற்றினார்கள். கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி நின்று நின்று ஊர்ந்தது. கேட் திறந்தபோது ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போனார்கள்.

அன்று சாயங்காலம் லாட்டரிக்காரர் அதிகம் பேசவில்லை. "நாளைக்கு எல்லாரும் வாங்க. பேசறதுக்கு இல்ல. குந்தறதுக்கு."

மறுநாள் அப்பாவும் நானும் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் முன்கம்பியில் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கு மேற்குப் பக்கம், ரோட்டை ஒட்டி, அவர் ஒரு மூன்று சக்கர வண்டியின் மேல் நின்றிருந்தார். எங்கள் குடியிருப்புச் சனம் கிழக்கேயிருந்து கேட்டுக்கு அடியில் குனிந்து வந்து முதல் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தது. கீழே சாக்கு விரித்திருந்தார்கள். பகலெல்லாம் காய்ந்த ஜல்லியிலிருந்து அனல் வந்தது. அத்தை வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். தோளில் பையோடு முன்வரிசையில் இருந்தாள், பக்கத்தில் சைக்கிள் கடைக்காரர். எங்களைப் பார்த்துக் கை அசைத்தாள். கூட்டத்தைத் தாண்டிப் போக வழியில்லாமல் அப்பா வண்டிக்குத் தெற்கே கொஞ்சம் ஒதுங்கி நின்றார்.

கேட்கீப்பர் பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரிடம் வந்து கும்பிட்டார். "அண்ணே, ரெண்டு லைன்லயும் வண்டி இருக்குதுண்ணே. ஏந்திரிக்கச் சொல்லுண்ணே."

அவர் அதை ஒலிபெருக்கியில் சொன்னார். "கேட்டு அண்ணன் பயப்படறாரு. இத்தினி வருசம் அவரு மூடினாரு, நாம நின்னோம். இன்னிக்கு நாம மூடறோம். அவரு நிக்கட்டும்."

அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

தாம்பரத்துப் பக்கமிருந்து வந்த ரயில் தூரத்திலேயே வேகம் குறைந்து நின்றது. நின்ற இடத்திலிருந்து விடாமல் ஊதியது. ஒரு கணம் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அவர் கையை நீட்டி அதைக் காட்டினார். "பாத்துக்க. ரயில் நிக்குது. யாருக்கு நிக்குது? உனுக்கு நிக்குது."

அந்தச் சத்தத்தை நான் அதற்குப் பின் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். அவரைக் கிட்டத்தில் பார்க்க முன்னால் வந்தார்கள். முன்னால் என்றால் இரண்டாவது தண்டவாளம். அத்தையும் வந்தாள்.

அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினார். தொடங்கும்போதே எங்கள் தலைக்கு மேலாகத் தெற்கே பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது.

நானும் திரும்பிப் பார்த்தேன். வளைவில் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் எஞ்சின் முகம் தெரிந்தது.

மறுபடி அவரைப் பார்த்தேன். அவர் பேசவில்லை. கூட்டமும் அசையவில்லை. இத்தனை மாதங்களாக அவர் பழக்கியிருந்த கூட்டம் அது. அவர் நிறுத்தினால் காத்திருக்க வேண்டும், பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று அதற்குத் தெரியும். அத்தையின் முகத்தில் சிரிப்பு இருந்தது. அவள் அந்த இடைவெளியை ரசித்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரோ கைதட்டத் தொடங்க, எல்லோரும் தட்டினார்கள். நின்றிருந்த ரயில் ஊதிக்கொண்டேயிருந்ததால் வருகிற ரயில் ஊதியது யாருக்கும் தனியாகக் கேட்கவில்லை. கேட்கீப்பர் சிவப்புக் கொடியை விரித்துக்கொண்டு தெற்கே ஓடியதை நான் பார்த்தேன். பிரேக்கின் கிறீச்சொலி கைதட்டலுக்குள்ளேயே தொடங்கியது.

பெரும்பாலோர் சிதறித் தப்பினார்கள். அத்தையும் சைக்கிள் கடைக்காரரும் தப்பவில்லை.

இதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

அடக்கம் முடிந்து வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். "அவரு ரயிலைப் பாத்தாருப்பா. பாத்துட்டுதான் நிறுத்தினாரு."

அப்பா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "பாத்திருந்தா கத்தியிருப்பாருடா கண்ணு. யாராவது பாத்துட்டுச் சும்மா இருப்பாங்களா?"

பயத்தில் குரல் அடைத்துக்கொண்டிருக்கலாம். அது எனக்கு இப்போது புரிகிறது. பெரிய பேச்சுக்காரருக்கும் தொண்டை மனிதத் தொண்டைதான். ஆனால் ஒரு நொடியாவது அந்தக் கூட்டத்தைக் கலைக்க அவருக்கு மனம் வராமல் போயிருக்குமோ என்ற நினைப்பும் என்னை விட்டுப் போனதில்லை. அவரிடம் கேட்டிருந்தாலும் அவர் சொல்லும் விதத்தில் நான் நம்பியிருப்பேன். அதுதான் எனக்குப் பயம்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் எல்லோரும் கேட்கீப்பரைக் கைகாட்டினார்கள். நேரத்தோடு எச்சரிக்கவில்லை என்றார்கள். கும்பிட்டதும் ஓடியதும் அவருக்கு எடுத்துச் சொல்ல வரவில்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கேட் பக்கத்துக் குடியிருப்பைக் காலி செய்துகொண்டு அந்தக் குடும்பம் எங்கே போனதென்று தெரியாது.

சில வாரம் கழித்து அதே இடத்தில் இரங்கல் கூட்டம். அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார். லாட்டரிக்காரர் ஒலிபெருக்கி இல்லாமல் பேசினார். "நான் கூப்பிட்டேன். அந்தத் தங்கச்சி வந்துச்சு." அவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்தினார். கூட்டம் முழுக்க விசும்பல். அப்பா அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. திரும்பி வரும்போது, "அவன் மனசுல இவ்வளவு இருக்கும்னு நான் நினைக்கல" என்றார். அது இரண்டாவது தப்புக் கணக்கு.

தேர்தலில் அவர் ஜெயித்தார். எங்கள் வீட்டு ஓட்டும் அவருக்குத்தான் போனது. மோசமான தலைவர் என்று சொல்ல முடியாது. குழாய்த் தண்ணீர் வந்தது, பள்ளிக்குக் கட்டடம் வந்தது. பிறகு பெரிய மேடைகளுக்குப் போனார். போன இடமெல்லாம் அத்தையின் கதையைச் சொன்னார். ஒவ்வொரு தேர்தலிலும் அதில் அத்தைக்கு வயது குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக நான் கேட்டபோது அவள் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த பெண்ணாகியிருந்தாள்.

நம் தலைமுறை பேச்சைக் கேட்டே தலைவர்களைத் தேர்ந்தெடுத்தது. பேச வராதவரை நாம் திரும்பிப் பார்த்ததில்லை, அந்தச் செயலாளரைப் போல. பேசத் தெரிந்தவர் வாயை மூடும்போது என்ன செய்வார் என்று நாம் யோசித்ததேயில்லை. இது யாருடைய குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டில் இப்போது அப்படி ஒருத்தி வளர்ந்து நிற்கிறாள்.

நேற்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு அத்தை என்றால் சுவரில் இருக்கும் ஒரு படம், அவ்வளவுதான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். ரயில் வந்த இடத்தில் அவள் கண் கலங்கியது. கேட்கீப்பருக்காகக் கோபப்பட்டாள். நான் முடித்த பிறகு வெகுநேரம் ஒரு தலையணை உறையை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். புரிந்துகொண்டாள் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

"அவங்க பேரு என்னம்மா?"

"எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை இதைச் சொல்றேன். பெரும்பாக்கத்துல ஒரு அம்மாவை எட்டாவது மாடியிலேருந்து நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு இறங்கியிருக்காங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அந்த ஆட்டோவும் இந்த லிப்ட்டும் ஒண்ணுதானே? பாத்துட்டும் வாயை மூடிட்டு இருக்கறவங்களைப் பத்திதான் நான் பேசணும். சும்மா அத்தைன்னா யாருக்கும் மனசுல நிக்காதும்மா. பேரு வேணும்."

"நீ போகக் கூடாதுன்னுதாண்டி இதையெல்லாம் சொன்னேன்."

"தெரியும்மா." என் கையிலிருந்த துணியை வாங்கிக் கீழே வைத்தாள். விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "இப்பவும் சொல்றேன். நீ வேணாம்னா நான் போகலை."

அதோடு நிறுத்திக்கொண்டாள். கெஞ்சவில்லை. முகத்தைச் சுளிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வேண்டிய நேரத்தை அவள் தாராளமாகக் கொடுத்தாள். வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பினார்கள். அவள் கண் இமைக்கவில்லை.

உங்களிடம் இத்தனை நேரம் சொல்லாத பெயரை அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் அதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு இன்னும் மெதுவாக.